முன்னால் ஐந்து விநாடி, பின்னால் ஐந்து விநாடி

திருப்பதியிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது என் மகனை அடக்கம் செய்து பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. பேசியது ஒரு பெண். தெலுங்கில் ஆரம்பித்து, நான் "ஆங்" என்றதிலேயே கண்டுபிடித்துத் தமிழுக்கு மாறினாள். சனிக்கிழமைகளில் நடக்கும் போட்டோ, வீடியோ வகுப்பு வரும் வாரம் தொடங்குகிறது, அவன் ஒன்பது மணிக்கு வந்துவிட வேண்டும் என்றாள். அவன் அப்படி ஒரு வகுப்பில் சேர்ந்திருந்ததே எங்களுக்குத் தெரியாது. வரமாட்டான் என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன்.  பிறகு, அவன் இடத்தை ரத்து செய்ய வழியில்லை, வீட்டில் வேறு யாராவது வேண்டுமானால் வந்து உட்காரலாம் என்றாள். சொல்லிவிட்ட பிறகு அவளுக்கே கூச்சமாகியிருக்க வேண்டும். இரண்டு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஆறு இருபது பஸ்ஸில் நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. கணக்கில் வந்துவிட்ட ஒரு நாற்காலி காலியாகக் கிடப்பது எனக்குப் பிடிக்காது என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

எனக்கு எழுபத்தொரு வயது. சித்தூருக்குப் பக்கத்தில் மாம்பழக்கூழ் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன். வேதியியல் படித்தேன்; பார்த்த வேலை என்னவோ எண்ணுவதுதான். கூழில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்து, சிறு குழாய் போன்ற கருவியில் ஒரு கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்ப்பேன். உள்ளே ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு மேலே நீலம், கீழே வெள்ளை. கோடு நிற்கும் இடத்தில் உள்ள எண்தான் சர்க்கரை அளவு. மாம்பழம் எந்தத் தோட்டத்தில் காய்த்தது, யார் பறித்தார்கள், இனிக்கிறதா என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லை. ஒரு எண் போதும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. படிகள், தூண்கள், பிரசங்கத்தில் பாஸ்டர் "அன்பானவர்களே" என்று சொல்லும் தடவைகள், எல்லாவற்றையும் எண்ணுவேன்.

என் எண்ணும் பழக்கத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒரே ஒரு பயன் இருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் என் தம்பி, தங்கை, மச்சான் குடும்பங்கள் எல்லாம் கோயில் படிகளில் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். யாராவது ஒருவர் செருப்புத் தேடிக்கொண்டு எங்காவது நிற்பார். அதனால் நான் தலைகளை எண்ணி, "இருபத்து மூணு, எடுப்பா" என்று சொன்ன பிறகுதான் போட்டோக்காரர் எடுப்பார். ஏழு வருடமாக அந்த எண் மாறவில்லை.

மகன் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். சத்தியவேட்டில் வாடகை அறை. சனிக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து திங்கட்கிழமை விடியற்காலை போவான். வயது முப்பத்தொன்று. காலை ஷிஃப்டுக்குப் போகும் பஸ்ஸில், உட்கார்ந்த இடத்திலேயே இதயம் நின்றுவிட்டது. இறங்கும் இடம் வந்து பக்கத்திலிருந்தவர் தட்டியபோதுதான் தெரிந்ததாம்.

எங்கள் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அன்றும் எல்லோரும் நின்றார்கள். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். நான் எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. கண் தானாக இடப்பக்கத்திலிருந்து போயிற்று. இருபத்திரண்டு வந்தது.

"இருப்பா," என்றேன். "ஒண்ணு கொறயுது. யாரு வரல?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான் கொல்லைப்பக்கம் ஓடிப் பார்த்துவிட்டு வந்தான்.

"பின்னால யாரும் இல்ல மாமா. எல்லாம் இங்கதான் கீறாங்க."

"இல்லப்பா, ஒண்ணு கொறயுது."

நான் மறுபடி எண்ணினேன். இந்த முறை விரலை நீட்டி எண்ணினேன். என் மனைவி பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"எம் புள்ளயத்தான் எண்ணிக்கினு கீறீங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். இருபத்திரண்டு பேருக்கும் கேட்டது. போட்டோக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்துவிட்டார். அந்தப் படத்தில் எல்லோரும் பெட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறார்கள். என் வாய் திறந்திருக்கிறது, விரல் நீண்டிருக்கிறது.

மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, தம்ளர்களைக் கவிழ்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "உங்களுக்கு அவனும் ஒரு நம்பருதான்."

அதற்குப் பிறகு அவனைப் பற்றி அவள் என்னிடம் பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினாள். கேஸ் தீர்ந்தது, மாத்திரை வாங்க வேண்டும், பால்காரன் தண்ணீர் ஊற்றுகிறான். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சண்டையும் போடவில்லை. 'இல்லை, அவன் எனக்கு நம்பர் இல்லை' என்று நானும் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நான் அழவில்லை. பெட்டியைக் குழியில் இறக்கும்போதும் அழவில்லை, அவன் சட்டைகளை மடித்தபோதும் அழவில்லை. சட்டைகள் பதினான்கு. எனக்குள் ஏதாவது வருகிறதா என்று பரிசோதனைக் கூடத்தில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. அவள் சொன்னது சரிதானோ என்பதுதான் அடுத்த எட்டு மாதமும் எனக்கு இருந்த ஒரே கேள்வி.

வகுப்பு திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு டிபன் கடையின் மாடியில். முப்பத்து நான்கு படிகள். பாதியில் கைப்பிடி இல்லை. முதல் நாளே புகார் சொன்னேன், கடைசி நாள் வரை வைக்கவில்லை. பன்னிரண்டு நாற்காலிகள், என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். மற்றவர்களில் மூத்தவனுக்கு இருபத்தாறு வயது. சொல்லிக்கொடுத்தது எனக்குப் போன் செய்த அதே பெண். பத்து வருடம் கல்யாண வீடியோ எடுத்தவள். தெலுங்கில் பாதி, தமிழில் பாதி, மீதியை ஆங்கிலத்தில் சொல்வாள். நான் உள்ளே வந்ததும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. வருகைப் பதிவில் என் மகன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினாள். அவ்வளவுதான். அதற்கு நான் இன்றும் நன்றியுள்ளவன்.

மகனின் கேமராவை அவன் அறையிலிருந்து மச்சான்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தான். திரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக்கூட அவன் உரித்திருக்கவில்லை. உள்ளே நான்கு படங்கள் இருந்தன. நான்கும் அவன் அறையின் மின்விசிறி. ஆள் இல்லை, முகம் இல்லை, ஜன்னல்கூட இல்லை. வாங்கியதும் சோதித்துப் பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் நான்தான் வகுப்பில் முதல் மாணவன். ஷட்டர், லென்ஸின் திறப்பு, ஒளி உணர்வு எல்லாம் எண்கள். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைக்க வேண்டும். இளைஞர்கள் திணறிக்கொண்டிருந்தபோது நான் அட்டவணை போட்டு மனப்பாடமாக ஒப்பித்தேன். மூன்றாவது வாரம் எடுத்த படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். என்னுடையது வந்தது. புத்தூர்ப் பையன் ஒருவன் வாய் திறந்தான்.

"தாத்தகாரு, உங்க படம் எல்லாம் ஆதார் கார்டு மாதிரி கீது."

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு படம் வந்தது. அது லேசாக ஆடியிருந்தது.

"கை ஆடுது பாருங்க. எங்க ஊருக்கு வந்து ஒரு கட்டு போட்டுக்கினு போங்க, ஸ்டெடியா நிக்கும்."

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் அவன் ஊருக்குப் பெயர் அதிகம். "கட்டு எதுக்கு? வாய்க்குப் போடுவாங்களா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் படங்களைத் திரும்ப ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வெளிச்சம் கரெக்ட், ஃபோகஸ் கரெக்ட். ஆனா நீங்க எண்ணறீங்க சார். பாக்கல."

வித்தியாசம் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. பார்த்தால்தானே எண்ண முடியும் என்று எரிச்சலுடன் கேட்டேன். "சூடண்டி சார்" என்று, 'பாருங்க' என்பதைத் தெலுங்கில் சொல்லி ஆரம்பித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அன்று மதியம் ஷட்டர் வேகத்துக்குப் பயிற்சி. ஓடும் மின்விசிறியை நான்கு வேகத்தில் எடுக்கச் சொன்னாள். மெதுவான வேகத்தில் எடுத்தால் இறக்கைகள் தெரியாது, ஒரு சாம்பல் வட்டம் மட்டும் விழும். வேகத்தைக் கூட்டக் கூட்டக் கலங்கிய இறக்கை தெரியும். நான்காவது படத்தில் மூன்று இறக்கையும் நின்றுவிட்டதுபோல் தனித்தனியாகத் தெரியும். நான் என் நான்கு படங்களை எடுத்துவிட்டு, அதே கேமராவில் பின்னால் போய் மகன் எடுத்த நான்கையும் பார்த்தேன். வட்டம், கலங்கல், கலங்கல், இறக்கை. அவன் சும்மா சோதித்துப் பார்க்கவில்லை. வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே தானாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான், மூன்றாம் வாரப் பாடம் வரை.

இதைப் படிக்கிறவர்கள் அந்த இடத்தில் நான் அழுதிருப்பேன் என்று நினைக்கலாம். அழவில்லை. கேமராவைப் பையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். சர்க்கரை அதிகம்.

ஐந்தாவது வாரம் எங்களைப் பஸ் நிலையத்துக்கு அனுப்பினாள். ஆளுக்கு முப்பத்தாறு படம், அதற்கு மேல் ஒன்றும் எடுக்கக் கூடாது. மலையிலிருந்து இறங்கியவர்கள் மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னாலிருந்து எடுத்தேன். வரிசையாக ஒரே குடும்பம், ஏழு மொட்டைத் தலைகள். எட்டாவதாக ஓரத்தில் ஒரு பெண் மட்டும் நீளப் பின்னலுடன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் அந்தப் படம் வந்ததும் வகுப்பெடுப்பவள் அடுத்ததற்குப் போகவில்லை.

"இத ஏன் எடுத்தீங்க சார்?"

"எண்ணறதுக்கு."

"எத்தனை பேர்?"

"மொட்டை ஏழு, மொத்தம் எட்டு."

"யாரும் ஏழ பாக்கல சார். எல்லாரும் அந்த ஒண்ணத்தான் பாக்கறாங்க. அவங்க ஏன் முடி குடுக்கல, ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கினு கீறாங்க? அதான் படம்." அவள் சுவரில் அந்தப் பின்னலைத் தொட்டுக் காட்டினாள். "நீங்க எண்ணினதுனாலதான் அவங்க தெரிஞ்சாங்க. ஒத்துக்கறேன்."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எண்ணாமல் இருந்திருந்தால் எனக்குக்கூட அந்தப் பின்னல் தெரிந்திருக்காது. முன் சீட்டுக்காரர் ஜன்னலை மூட மறுத்ததால் காதில் காற்று. பூதலப்பட்டு வரும்வரை அவருடன் வாதாடினேன்.

பிறகு வீடியோ. அதில் எனக்கு ஒரு விதி மிகவும் பிடித்தது. எதை எடுத்தாலும் காரியம் தொடங்குவதற்கு ஐந்து விநாடி முன்னாலேயே பதிவை ஓடவிட வேண்டும். முடிந்த பிறகும் ஐந்து விநாடி விட்டுத்தான் நிறுத்த வேண்டும். பின்னால் எடிட்டிங்கில் வெட்டிக்கொள்ள அந்த இடம் தேவைப்படும். மற்றவர்கள் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். நான் ஒரு முறைகூட மறந்ததில்லை. "போதும்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தில் ஐந்து விநாடி பார்த்து, பிறகுதான் நிறுத்துவேன். கல்யாண வீடியோவில் நல்ல முகம் எல்லாம் அந்த ஐந்து விநாடியில்தான் கிடைக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். எடுத்து முடித்தாயிற்று என்று நினைத்து மாப்பிள்ளை மூச்சு விடுவான், பெண் அம்மாவைத் தேடுவாள். அதையெல்லாம் நான் குறித்துக்கொள்ளவில்லை. ஐந்து என்ற எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன்.

கடைசியாக ஆளுக்கு மூன்று நிமிடப் படம் எடுக்க வேண்டும். பேச்சு கூடாது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் ஒருவருடைய கைகள். இதுதான் விஷயம். எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருவர் படம் எடுக்கிறவர்.

மனைவியிடம் கேட்க நான்கு நாள் ஆயிற்று.

"இன்னாத்துக்கு?" என்றாள்.

"வகுப்புக்கு."

அந்த வகுப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஏழு மாதமாக நான் சனிக்கிழமை காலை கிளம்பும்போது டப்பாவில் இட்லி வைத்துக் கொடுத்திருக்கிறாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்டதில்லை.

"எம் மூஞ்சி வரக்கூடாது," என்றாள் கடைசியில்.

"வராது. கை மட்டும்தான்."

"கையில இன்னா கீது பாக்கறதுக்கு?"

"பாத்தாத்தான் தெரியும்."

மறுநாள் காலை பத்தரைக்குச் சமையலறையில் ட்ரைபாடை நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் நன்றாக விழுந்தது. அவள் ட்ரைபாடைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள்.

"இன்னாங்க இது, மூணு காலு. கல்யாண ஊடு மாதிரி பண்றீங்க. கேஸ் மேல வுழுந்துடப் போவுது."

"வுழாது. நீ எப்பவும் செய்யற மாதிரி செய்."

"எப்பவும் செய்யறப்ப நீங்க இங்க நிக்க மாட்டீங்களே."

வெங்காயம் நறுக்கினாள், எடுத்தேன். புளி கரைத்தாள், எடுத்தேன். முதலில் கை விறைப்பாக இருந்தது, சாட்சி சொல்ல வந்தவர்போல். நான்காவது தடவை என்னை மறந்துவிட்டாள். பிறகு அரிசி. இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்க அளந்த அரிசியிலிருந்து பிடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாக வைப்பார்கள். இல்லாத குடும்பங்களுக்கு அது போகும். சில வீடுகளில் ஒரு பிடி. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு பிடி, என் மனைவி வைத்துக்கொண்ட முறை. அது பெண்கள் காரியம் என்று நான் அந்தப் பக்கம் போனதில்லை. வீட்டில் நான் எண்ணாத ஒரே பொருள் அந்த டப்பாதான்.

பதிவை ஓடவிட்டு ஐந்து விநாடி பொறுத்து, "செய்" என்றேன். ஒரு பிடி போட்டாள். இரண்டாவது பிடி போட்டாள். கை நின்றது. "போதும்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து விநாடி. நிறுத்தினேன். நிமிர்ந்தபோது அவள் டப்பாவை மூடிவிட்டு உலைப் பக்கம் திரும்பியிருந்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

அடுத்த சனிக்கிழமை திருப்பதியில் கணினி முன்னால் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படங்கள். ஒவ்வொன்றாக நகர்த்தலாம். எனக்கென்றே செய்த வேலை. வெங்காயத்தில் முன்னும் பின்னும் வெட்டினேன், புளியில் வெட்டினேன். அரிசிக்கு வந்தேன். முதல் பிடி, இரண்டாவது பிடி. "போதும்" என்று என் குரல் கேட்டது. அங்கே வெட்டுவதற்காகக் கோட்டை நகர்த்தினேன். கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது.

என் குரல் முடிந்து ஒரு விநாடி அவள் கை அப்படியே இருந்தது. பிறகு பாத்திரத்துக்குள் போயிற்று. மூன்றாவது பிடி அரிசியை எடுத்து டப்பாவுக்கு மேலே கொண்டுவந்து, உடனே திறக்காமல் வைத்திருந்தாள். முப்பத்தெட்டு படங்கள் அளவுக்கு அந்தக் கை மூடியபடியே இருந்தது. பிறகு திறந்தது. மூடி விழுந்தது. பதிவு முடிந்தது.

பதினொரு முறை ஓட்டினேன். தப்பாக எண்ணுகிறேனோ என்று விரல் வைத்து எண்ணினேன். மூன்றுதான்.

அந்தப் பெண் பின்னால் வந்து நின்றாள். "சார், 'போதும்'ல கட் பண்ணுங்க. மிச்சம் வேணாம்."

"மிச்சத்துலதான் இருக்குது," என்றேன்.

"என்ன?"

"எங்க ஊட்ல ஆளுக்கு ஒரு பிடி."

"ஊட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு."

அவள் திரையைப் பார்த்தாள். நான் மறுபடி ஓட்டினேன். மூன்றாவது பிடி வந்ததும் அவள் மௌஸுக்கு நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள். "வெட்டாதீங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவங்ககிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க சார். அது அவங்க நமக்குக் காட்டினது இல்ல," என்றாள்.

சரியான பேச்சு. எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். சந்திரகிரியில் பஸ் ஏழு நிமிடம் நின்றது. கொய்யாப்பழம் ஒன்று வாங்கிப் பாதி தின்றேன். மீதி கசந்தது. ஒன்றும் வரவில்லை. ஆனால் அவள் எட்டு மாதமாக ஒரு நாளைக்கு ஒரு பிடி என்று போட்டிருந்தால் எத்தனை பிடி என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். நான் ஒரு கணக்கைப் பாதியில் விட்டது எனக்கு நினைவில் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலரை. அவள் முறத்தில் துவரம்பருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனை நீட்டினேன்.

"படம் ஆயிடுச்சு. மூணு நிமிஷம். பாத்துட்டு, அங்க காட்டலாமா வேணாமான்னு சொல்லு."

"மூஞ்சி கீதா?"

"இல்ல."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாங்கினாள். வெங்காயத்துக்கு ஒன்றும் சொல்லவில்லை. புளிக்கு, "நகத்தப் பாரு, கறுப்பா கீது" என்றாள். பிறகு அரிசி. என் "போதும்" கேட்டது. அவள் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள். முப்பத்தெட்டு படங்கள் என்பது ஒன்றரை விநாடிதான். எனக்கு நீளமாக இருந்தது. படம் முடிந்து திரை கறுத்தது. அவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"போதும்னு சொன்னீங்களே."

"சொன்ன பின்னால அஞ்சு செகண்டு ஓடணும். அது ரூலு."

"ரூலு."

"ஆமா. நான் பாக்கல. வாச்சப் பாத்துக்கினு இருந்தேன். இன்னிக்கித்தான் பாத்தேன்."

பருப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்தாள். இன்னொன்று எடுத்தாள். நான் எண்ணவில்லை என்று சொன்னால் பொய். ஐந்து கல்.

"அந்த மூணாவத வெட்டிடச் சொல்லட்டுமா?"

"இன்னாத்துக்கு வெட்டணும்?"

"நீ எனக்குக் காட்டாம போட்டது."

"எத்தினி எண்ணினீங்க?"

"மூணு."

"சரியாத்தானே கீது." முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். பருப்பு ஒரு பக்கம் ஒதுங்கியது. என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். "அன்னிக்கும் சரியாத்தான் எண்ணினீங்க. ஒண்ணு கொறஞ்சுதான் இருந்துச்சு. நான்தான்…"

  மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் எடுத்த படங்கள் நாலு இருக்கின்றன, பார்க்கிறாயா என்று கேட்டேன். கேமராவைக் கொண்டுவந்து காட்டினேன்.

"இன்னாங்க இது, வெறும் ஃபேனு?"

"முதல்ல வட்டம். கடைசில பாரு, எறக்க தனித்தனியா தெரியுது. ஓடற ஃபேன நிறுத்தி எடுத்துருக்கான்."

"ஓடறத எப்பிடி நிறுத்துவான்?"

சொன்னேன். ஷட்டர் என்றால் என்ன, அது எத்தனை சீக்கிரம் திறந்து மூடும் என்று எண்களோடு சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. நான்காவது படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இறக்கையில் தூசி தெரிந்தது.

"தொடைக்கவே இல்ல பாரு," என்றாள்.

பிறகு எழுந்து உள்ளே போனாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்: "நாளைக்கி மொதல் ஞாயிறு. டப்பா கனமா கீது, என்னால முடியல. நீங்க தூக்கிக்கினு வாங்க."

போய்ப் பார்த்தேன். பழைய பிஸ்கட் டப்பா, விளிம்பு வரை அரிசி. மூடி நெளிந்து சரியாக உட்காரவில்லை. எறும்பு வரும், வேறு டப்பா மாற்ற வேண்டும் என்றேன்.

"வந்தா வருது," என்றாள்.